கார்யவட்டம் ஸ்டேடியம்: நடுவில் இருக்கும் களிமண்

களியக்காவிளை எல்லை தாண்டி, திருவனந்தபுரத்தை ஒட்டிய கார்யவட்டத்துக்குப் போகிற குமரி மாவட்டத்து நம்மூர்க்காரர்கள் கிரிக்கெட் டிக்கெட்டோடுதான் போகிறார்கள். ஆனால் அந்த ஸ்டேடியம் கிரிக்கெட்டுக்கென்று கட்டியதல்ல. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் எழுந்தது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றதும் இங்கேதான். சர்வதேச கிரிக்கெட் வந்தது 2017-ல். அதற்கு முன் திருவனந்தபுரத்தில் கடைசியாக நடந்தது 1988-ல், நகருக்குள் இருக்கும் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில். நம்ம ஸ்ரீகாந்த் 101 அடித்தும் இந்தியா தோற்ற ஆட்டம்.

ஒரே கிரவுண்டில் ரெண்டு ஆட்டம் என்பது சொல்ல எளிது. சிக்கல் நடுவில் இருக்கிறது. பிட்ச்சின் நீளம் 20.12 மீட்டர், பக்கத்துப் பக்கத்தில் பல பிட்ச்கள் சேர்ந்த அந்தச் சதுரம் முழுக்க ரோலர் ஓட்டி இறுக்கிய களிமண். கால்பந்தின் நடுவட்டம் விழுவது சரியாக அதன் மேல். காய்ந்திருந்தால் பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ் இறங்காது, ஆட்டக்காரர் வழுக்குவார். நனைந்திருந்தால் குமிழ் குழி போடும். பிறகு கிரிக்கெட்டில் பந்து ஒன்று எழும்பும், ஒன்று தரையோடு போகும். களிமண்ணை வெட்டியெடுத்துப் புல் பதித்தால் கால்பந்துக்குச் சுகம், கிரிக்கெட்டுக்கு மறுபடி மாதக்கணக்கில் வேலை. 2018-ல் கொச்சியின் கலூர் ஸ்டேடியத்தில் இதே சண்டைதான். அங்கே கால்பந்துப் புல்லைக் கெடுக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியதால், வெஸ்ட் இண்டீஸ் ஒருநாள் ஆட்டம் கார்யவட்டத்துக்கு வந்தது. வந்த ஆட்டம் சீக்கிரமே முடிந்தது வேறு விஷயம்: வெஸ்ட் இண்டீஸ் 104-க்கு ஆல் அவுட்.

உட்காருமிடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். கால்பந்துக் களத்தின் அகலம் 68 மீட்டர். கிரிக்கெட் எல்லைக்கோடோ பிட்ச்சிலிருந்து 60 மீட்டருக்கு மேல். ஆக, கால்பந்தின் பக்கக்கோட்டுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருபத்தைந்து மீட்டருக்குக் குறையாமல் சும்மா புல். கீழ் வரிசைக்குக் காசு கொடுப்பது வீண். நடுக்கோட்டுக்கு நேராக மேல்தட்டு வாங்குங்கள். கிரிக்கெட்டுக்கு சைட்ஸ்கிரீனை, அதாவது பிட்ச்சுக்கு நேர்கோட்டில் எல்லைக்கு வெளியே நிற்கும் பெரிய திரையை, ஒட்டிய பக்கம். பந்து திரும்புவது அங்கிருந்துதான் தெரியும்.

அக்டோபர், நவம்பர் என்றால் சாயங்கால மழையைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 2017 நவம்பர் 7-ல் நியூசிலாந்து ஆட்டம் 8 ஓவராகச் சுருங்கியது. இந்தியா 67, அவர்கள் 61. டி20-க்கு ரெண்டு அணிக்கும் தலா 5 ஓவர் கிடைத்தால் முடிவு உண்டு. தார்ப்பாயை விரித்ததுமே எழுந்து போகிறவர்கள் பாவம். குடையை உள்ளே விடுவார்கள் என்று நம்ப வேண்டாம், மழைக்கோட்டை மடித்துப் பாக்கெட்டில் வையுங்கள். தண்ணீர் பாட்டில், பை, பவர் பேங்க் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும்.

குழித்துறையிலிருந்து ரயிலில் வந்தால் திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு எதிரே தம்பானூர் பஸ் ஸ்டாண்ட். ஸ்டேடியத்துக்குப் பக்கத்து ஊர் கழக்கூட்டம், ஆனால் அங்கே போகிற பஸ்களில் சிலதுதான் ஸ்டேடியம் பக்கம் போகும். சாக்கை வழி போவது பைபாஸில் போய்விடும். போர்டு மலையாளத்தில் இருந்தால் என்ன, “ஸ்ரீகார்யம் வழியோ?” என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். காரில் வருகிறவர்களுக்கு எல்லையில் இருக்கும் காரோடு என்ற ஊரிலிருந்து பைபாஸ் வசதி. கழக்கூட்டம் நெருங்கும்போது மட்டும் மேம்பாலத்தில் ஏறாமல் இடப்பக்க சர்வீஸ் ரோட்டைப் பிடியுங்கள். ஏறிவிட்டால் சந்திப்பைத் தாண்டித்தான் இறங்க முடியும், ஆட்ட நாளில் அங்கிருந்து வண்டியைத் திருப்பி வருவதற்குள் டாஸ் முடிந்திருக்கும்.