இன்சூரன்ஸ் இல்லாமல் வெள்ள நிவாரணம் வாங்கிய கதை

2023 தைப்பூசத்துக்கு முந்தின சில நாள் டெல்டாவில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுக்கத் தயாராக நின்ற சம்பா. என்னுடைய ஏழு மா (மூன்று மா ஓர் ஏக்கர்) சி.ஆர். 1009 நெல்லும் தண்ணீரில் படுத்துவிட்டது.

பயிர்க் காப்பீடு நான் கட்டவில்லை. பிரீமியம் ஒன்றும் பெரிதில்லை, காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். ஆனால் எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும், விஏஓ தரும் அடங்கல் வேண்டும். நிலம் வாய்மொழிக் குத்தகை. அடங்கலில் என் பெயர் ஏறினால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரருக்குப் பயம். பேசிப் பேசியே நவம்பர் கெடு முடிந்துவிட்டது.

பிப்ரவரி 6 அன்று அரசு அறிவித்தது: 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 20,000 ரூபாய். டீக்கடையில், "இன்சூரன்ஸ் கட்டினவங்களுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார்கள். நானும் நம்பி ஒரு நாளை வீணாக்கினேன். மறுநாள் வேளாண் உதவி அலுவலரைப் பார்த்தபோதுதான் தெளிவாயிற்று. "அது வேற, இது வேறண்ணே. கட்டாதவங்க வயலையும் எழுதுவோம். அடங்கல்ல யார் பேரு?"

மறுபடியும் அடங்கல்! நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். அவர் இழுத்தார். பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா போனை வாங்கி, "விதைச்சவன் நீதானேப்பா, எழுதிக்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது.

ஆனால் அதைவிடக் கஷ்டம் கணக்கெடுப்புக்காகக் காத்திருந்ததுதான். கணக்கெடுக்க வருமுன் அறுத்துவிட்டால் சேதத்துக்குச் சாட்சி இல்லை. அறுக்காமல் விட்டால் கதிரிலேயே நெல் முளைக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தகராறு. அறுவடை இயந்திரத்தில் டயர் வண்டி சேற்றில் இறங்காது, பெல்ட் வண்டிக்கு ஊரே வரிசையில் நின்றது. நாலாம் நாள் பொறுக்க முடியாமல், மகனை விட்டு வயல் முழுக்க போட்டோ எடுக்கச் சொன்னேன், சர்வே கல்லும் தெரிகிற மாதிரி. அப்புறம் ரோட்டோரம் ஒரு மாவை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்தேன். இரண்டு நாள் கழித்து விஏஓவும் வேளாண் அலுவலரும் வந்தார்கள். அலுவலர் ஒரு கொத்தைப் பிடுங்கி, முளைவிட்ட நெல்லைக் கையில் உதிர்த்துப் பார்த்தார். போட்டோவையும் பார்த்துவிட்டு ஐம்பது சதவீதம் என்று எழுதினார்.

பட்டியல் வந்தபோது என் பெயருக்கு நேரே நாலு மாதான் இருந்தது. மற்ற மூன்று மா வேறு உட்பிரிவு எண், விட்டுப்போயிருந்தது. நேரில் போய் எண்ணைச் சொல்லிப் பார்த்ததால் கண்ணில் பட்டது. மனு, சிட்டா நகல், மூன்று முறை அலைச்சல், சேர்த்தார்கள். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் எட்டாயிரம் ரூபாய் போயிருக்கும்.

சித்திரை பிறந்த பிறகு பாஸ்புக்கில் 18,700 ரூபாய் ஏறியது. மாவுக்குப் பத்தாயிரம் செலவு செய்தவனுக்கு அது எந்த மூலைக்கு? உரக்கடை பாக்கியில் பாதி அடைந்தது. அடுத்த சம்பாவுக்கு ஐப்பசி பிறந்ததுமே விஏஓ ஆபீசில் போய் நின்றேன். இந்த முறை நிலத்துக்காரருக்குப் போன் போடவில்லை, நேராக அவருடைய அம்மாவுக்குத்தான்.