அம்மா தூங்கினால் பாஸ்

எங்கள் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் மீட்டரில் இன்று காலை 84,300 கிலோமீட்டர். மீட்டர் 58,000 காட்டியபோது செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இடையில் வண்டியில் நான் புதிதாக மாட்டியது, மாட்டிவிட்டுக் கழற்றியது, கழற்றிவிட்டு வருந்தியது எல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வண்டி 2017-ல் ஸ்கோடா இங்கே விற்ற ஆர்எஸ் 230. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஆறு கியர் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட 6.8 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. அப்போது ஷோரூம் விலை இருபத்தைந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. 2020-ல் அடுத்த ஆர்எஸ் 245 வந்தபோது மொத்தமே 200 வண்டிகள்தான், விலையும் முப்பத்தாறு லட்சத்தை ஒட்டி. அது நமக்கு எட்டாது என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் இதை வாங்கச் சம்மதித்ததற்குக் குதிரைத்திறன் காரணமில்லை. 590 லிட்டர் டிக்கிதான் காரணம். பின் கண்ணாடியோடு சேர்த்துக் கதவே மேலே திறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தோப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மனைவி, மகள், நான் என்று ஐந்து பேர் போய்த் திரும்பும்போது டிக்கியில் ஐம்பது அறுபது தேங்காய் உருளும். 230 குதிரைத்திறன் தேங்காய் வண்டி.

கோவையிலிருந்து பொள்ளாச்சிக்கு நாற்பது கிலோமீட்டர்தான். அம்மா பின் சீட்டில் இடது பக்கம் உட்காருவார். வண்டி சரியாக இருந்தால் கிணத்துக்கடவு வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். தூங்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி வந்தால் நான் மாட்டிய ஏதோ ஒன்று சரியில்லை என்று அர்த்தம். இந்த அளவுகோல் எனக்குப் புரிய வருஷம் ஒன்றாகிவிட்டது. அதற்குள் கொஞ்சம் பணம் போய்விட்டது.

59,100 கி.மீ.: ரீமேப்

எல்லோரும் செய்கிற வரிசைத் தப்பை நானும் செய்தேன். முதல் வேலையே இன்ஜின் ரீமேப். லேப்டாப்பைச் சொருகி, புது மென்பொருளை ஏற்றி, முக்கால் மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டியூனர் சொன்ன கணக்கு 300 குதிரைத்திறனை ஒட்டி. குதிரைத்திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்காததால் அந்த எண்ணுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிற அந்தத் தள்ளல் பொய்யில்லை. ஈரத் தரையில் இரண்டாவது கியரில்கூட முன் சக்கரம் வழுக்கியது.

அடுத்த வாரம் வால்பாறை. ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைத்து, திரும்பி, மறுபடி மிதிக்கும்போது பெடல் அரை அங்குலம் இறங்கினாலே வண்டி தாவியது. ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சி முனையில் எல்லோரும் ஆழியாறு அணையைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா மட்டும் ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"ஏஞ்சாமி, வண்டிய இப்படி வெடுக்கு வெடுக்குன்னு ஓட்டற? மொதல்ல நல்லாத்தான ஓட்டீட்டு இருந்த?"

ஓட்டுவதில் மாற்றமில்லை என்று சொல்ல வாய் வந்தது. காரணம் சொன்னால் அடுத்த கேள்வி எவ்வளவு செலவு என்று வரும். பேசாமல் இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து டியூனரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பெடலை முதல் பாதி அழுத்தும் வரை வண்டி பழைய ஆக்டேவியா மாதிரியே இருக்க வேண்டும். அதற்குமேல் என்ன வேண்டுமானாலும் செய்து கொள்ளட்டும். "சார், எல்லாரும் இன்னும் ஷார்ப்பா கேப்பாங்க, நீங்க உல்டாவா கேக்கறீங்களே" என்று சிரித்தார். செய்து கொடுத்தார். டார்க்கையும் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றும் வரை 400 நியூட்டன் மீட்டருக்குள் கட்டி வைக்கச் சொன்னேன்.

பெட்ரோலையும் இதோடு சொல்லிவிடுகிறேன். சாதா பெட்ரோலில் ஒருநாள் மதியம் பைபாஸில் லாக் எடுத்தேன், அதாவது ஓடும்போதே இன்ஜின் கணக்குகளைப் பதிவு செய்தேன். முழுசாக மிதித்தபோது இரண்டு சிலிண்டரில் தீப்பொறி விழும் டைமிங்கை நான்கு டிகிரிக்கு மேல் இன்ஜினே பின்னால் இழுத்திருந்தது. உள்ளே கலவை தானாக வெடிக்கப் பார்க்கிறது, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள். 95 ஆக்டேனுக்கு மாறியபின் அதே இடத்தில் ஒன்றரை டிகிரியைத் தாண்டவில்லை. ரீமேப் செய்துவிட்டு லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது வீண் வேலை.

63,400 கி.மீ.: ஸ்பிரிங்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், நினைத்தாலே எரிச்சல். வண்டியை 25 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் வாங்கி மாட்டினேன். நின்றபடி பார்க்க அழகோ அழகு. ஞாயிறு திரும்பும்போது ஐந்து பேர், தேங்காய், ஒரு வாழைத்தார். தோப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை ஒன்று உண்டு, பெயிண்ட் கிடையாது. குறுக்காக ஏற்றியும் வயிறு தட்டியது. அப்பா சொன்னார்: "எறங்கி நடந்துக்கறோம், நீ வண்டிய ஏத்து." நான்கு பேரும் இறங்கி நடந்தார்கள். மகள் அதை போட்டோ வேறு எடுத்தாள்.

பதினொரு நாளில் பழைய ஸ்பிரிங் திரும்ப ஏறிவிட்டது. மாட்ட ஒரு கூலி, கழற்ற ஒரு கூலி, இரண்டு தடவை வீல் அலைன்மென்ட். அலைன்மென்ட் கடைத் தம்பி இரண்டாவது தடவை, "ஏத்தறதுக்குன்னே எறக்குனீங்களாட்ட இருக்குதுங்க" என்றான்.

66,000 கி.மீ.: கியர்பாக்ஸ் எண்ணெய்

இத்தனை வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இந்த ஆறு கியர் டிஎஸ்ஜியில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கியே வேலை செய்கிறது. அறுபதாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். முந்தைய ஓனர் மாற்றியதற்குப் பில் இல்லை. நான் ஏற்கெனவே ஆறாயிரம் தாண்டியிருந்தேன்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன், பகலெல்லாம் பம்ப்செட் சாமான் கடைகிறவன், எண்ணெய் ஏற்றும் இணைப்பைப் பித்தளையில் கடைந்து கொடுத்தான். கடையில் வாங்கினால் விலை மலைப்பாக இருக்கும். அவனுக்கு ஒரு மதியச் சாப்பாடு.

சூட்சுமம் இரண்டு இடத்தில் இருக்கிறது. அடியில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம் எண்ணெய் வந்து நின்றுவிடும். அவ்வளவுதான் என்று நினைத்தால் போச்சு. அந்தத் துளைக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் குழாய் நிற்கிறது, எட்டு மில்லிமீட்டர் ஆலன் கீயால் அதையும் கழற்ற வேண்டும். கழற்றியதும் மீதியெல்லாம் மொத்தமாக இறங்கும், முழங்கை வரை நனையும். ஃபில்டர் கியர்பாக்ஸின் தலைமேல், பேட்டரி தட்டுக்கு அடியில். பேட்டரியை எடுக்காமல் கை போகாது.

இரண்டாவது சூட்சுமம் வெப்பம். குழாயைத் திரும்ப மாட்டி, கீழிருந்து ஐந்தரை லிட்டர் போல ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி வைத்து எடுக்க வேண்டும். எண்ணெய் 35-லிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும்போது, அந்தக் குழாய் வழியாக அதிகப்படியானது வழிந்து, கம்பிபோல் ஓடுவது சொட்டாக மாறும் நேரத்தில் மூட வேண்டும். அதுதான் சரியான அளவு. ஏப்ரல் மாதத்துக் கோவையில் மத்தியானம் இதைச் செய்தால் டின்னில் இருக்கும்போதே எண்ணெய் 36 டிகிரி. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் 45-ஐத் தாண்டிவிடும். அதனால் விடிகாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். அவன் வண்டிக்கு அடியில், நான் உள்ளே போனில் டிகிரியை வாசித்தபடி. "முப்பத்தெட்டு... நாப்பது... நாப்பத்தொண்ணு..." அவன் அடியிலிருந்து, "சொட்டுதுடா, சொட்டுது!" பால்காரர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே பொள்ளாச்சி ரோடு. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இருந்த சின்ன இடறல் போய்விட்டது. அம்மா கிணத்துக்கடவுக்கு வெகு முன்பே, மலுமிச்சம்பட்டி தாண்டியதுமே தூங்கிவிட்டார். டைரியில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் இரண்டு டிக் போட்டிருக்கிறேன்.

71,800 கி.மீ.: கழன்ற ஹோஸ்

இது முழுக்க என் கைவேலை. டர்போவிலிருந்து, அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸுக்குப் பதில் சிலிக்கான் ஹோஸ் நானே மாட்டினேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி ஏற்றத்தில் மிதித்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் பிரஷர் குக்கர் விசில் அடங்கும்போது வருமே, அந்த 'உஸ்ஸ்'. டேஷில் மஞ்சள் விளக்கு. வண்டிக்கு உயிரே இல்லை.

ஓரம் கட்டிப் பார்த்தால் ஹோஸ் குழாயிலிருந்து கழன்று தொங்கியது. காரணம் கிளாம்ப் மட்டுமில்லை. இந்தக் குழாய்களின் உள்ளே இன்ஜினின் எண்ணெய் ஆவி படிந்து மெல்லிய பிசுக்கு எப்போதும் இருக்கும். பழையதைக் கழற்றும்போது அது வாய்ப்புறத்தில் வழிந்திருக்கிறது. நான் துடைக்காமல் சிலிக்கானை அதன்மேலேயே ஏற்றிவிட்டேன். அவ்வளவு தூரம் பிடித்ததே பெரிசு. மனைவி கைப்பையிலிருந்து சானிட்டைசரும் கைக்குட்டையும் கொடுத்தார். அதால் துடைத்து, ஸ்க்ரூடிரைவரால் முறுக்கி, மிதிக்காமல் வீடு சேர்ந்தோம். இப்போது போல்ட் போட்டு இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப், மாட்டும் முன் பிரேக் கிளீனரால் இரண்டு முறை துடைப்பு. பதினோராயிரம் தாண்டியும் அசையவில்லை.

74,000-க்கு மேல்: டயர், பிரேக்

முதலில் செய்திருக்க வேண்டியவை. 225/45 ஆர்17 அளவில் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 டயர் போட்டதும் ஈரத்தில் வழுக்குவது பாதிக்குமேல் அடங்கியது. பொள்ளாச்சி சிமென்ட் ரோட்டில் பழைய டயர் போட்ட இரைச்சலும் குறைந்தது. பிரேக்கில் முன் பேட் மாற்றம், எண்ணெய் மாற்றம், அவ்வளவுதான். வடித்த பழைய பிரேக் எண்ணெய் டிகாஷன் நிறத்தில் இருந்தது. டாட் 4 தரப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் உறிஞ்சிவிட்டால் அந்த வரம்பு 155. வால்பாறை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி இறங்கியதற்குப் பேட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் கார் செய்த நம்ம ஊர் கரிவரதன் பெயரில் இருக்கும் 2.1 கிலோமீட்டர் டிராக். நான்காவது சுற்றில் பேட் வாசம் வந்தது, ஐந்தாவதில் உள்ளே வந்துவிட்டேன். குடும்ப வண்டிக்கு அது போதும்.

சைலன்சரைத் தொடவில்லை, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டரும் அப்படியே இருக்கிறது. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொன்னது. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் செய்தால் விபத்து நேரத்தில் கிளெய்மும் சிக்கலாகும். கம்பெனி மென்பொருளின் ஸ்டாக் ஃபைல், பழைய ஹோஸ் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என்ன இருந்தாலும் ரீமேப் விஷயத்தில் நான் உத்தமன் இல்லை.

84,300 கி.மீ.

மே மாதம் அவினாசி ரோட்டு நெரிசலில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் 63 டிகிரி காட்டியது. அதனால் பெரிய இன்டர்கூலர் ஒன்று வாங்கியாயிற்று. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சொருகியிருப்பது, முன்பக்கம் மொத்தத்தையும் பிரித்தால்தான் கை போகும். பட்டறையில் மழை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெட்டி ஹாலில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

நேற்று அப்பா காலால் அதை நகர்த்திப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இதுக்குள்ள என்னது?" என்றார்.

"வண்டிக்கு ஏசி மாதிரி ஒண்ணுங்ப்பா."

"ஏசிதான் இருக்குதே."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மாட்டீட்டு மொதல்ல நீ மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வா சாமி. அப்புறம் நாங்க ஏறறோம்."