பணியாரச் சட்டியும் அப்பாவின் ஸ்பேனர்களும்

போன மாதம் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு தங்கை போன் செய்தாள். என்னைப் போலவே அவளுக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வேலை கிடைத்துவிட்டது, தனியாக வீடு எடுத்துத் தங்கப் போகிறாள். "அக்கா, வீட்டுல ஏதாவது ரிப்பேர் ஆனா என்ன பண்ணுவீங்க? யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பாத்ரூம் குழாயின் தலை அப்போது என் கையில்தான் இருந்தது. "இரு, முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். அப்புறம் அவளோடு ஒரு மணி நேரம் பேசினேன். சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாய். பழைய பித்தளைத் திருகுக் குழாய். நான்கு நாளாக இரவில் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்க இறுக்க இன்னும் சொட்டியது. அப்படி என்றால் வாஷர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடிக்குப் போய் கேட் வால்வை மூடினேன். கீழே வந்து குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வடிந்து சத்தம் அடங்கும் வரை காத்திருந்தேன். தரையில் இருக்கும் நீர்ப்போக்கி ஓட்டையில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்தேன். இதை மறந்துவிட்டால், கை தவறி விழும் திருகாணி அதற்குள் போய்விடும். போனால் போனதுதான். பிறகு ஸ்க்ரூ ஸ்பேனரைப் போட்டுத் தலையைக் கழற்றினேன்.

வாஷரின் அடிப்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டினால் வட்டமாக ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. வாஷர் போய் உட்காரும் இடம் குழாயின் உடம்புக்குள் இருக்கிறது. அங்கே அரித்துப் பொத்தல் விழுந்திருந்தால், எத்தனை புது வாஷர் போட்டாலும் சொட்டும். பார்வை உள்ளவர்கள் டார்ச் அடித்து எட்டிப் பார்க்க வேண்டிய இடம் அது. என் சுண்டுவிரல் நேராக உள்ளே போய்விடும். சுற்றித் தடவினேன், வழவழப்பாக இருந்தது. புது வாஷரைப் போட்டு மூடினேன். இருபது நிமிட வேலை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. திருநெல்வேலிப் பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் நான் கடையிலேயேதான் கிடப்பேன். டியூப்பில் எங்கே பஞ்சர் என்று கண்டுபிடிக்க எல்லோரும் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். அப்பா காற்றடித்த டியூப்பை என் கன்னத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஓட்டினார். ஊசி முனையளவு காற்று ஓரிடத்தில் சில்லென்று பட்டது. "ஏட்டி, கண்ணு பாக்குறவனுக்குத் தொட்டித் தண்ணி வேணும். ஒனக்குக் கன்னம் போதும்" என்றார். அப்போது எனக்கு எட்டு வயது. அதற்குப் பிறகு கடைக்கு வந்த பஞ்சர்களில் பாதியை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

ஸ்பேனர்களில் எண் பொறித்திருக்கும். ஆனால் அந்த எழுத்து விரலுக்கு எட்டாத அளவு சிறியது. அப்பா அரத்தை எடுத்து ஒவ்வொரு ஸ்பேனரின் தண்டிலும் வெட்டுப் போட்டார். ஒரு முனை 10, மறுமுனை 11 மில்லிமீட்டர் உள்ள 10-11க்கு ஒரு வெட்டு, 12-13க்கு இரண்டு, 14-15க்கு மூன்று. வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் கழலும் என்று சொல்லிக்கொடுத்த கையோடு, சைக்கிளின் இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ் என்றும் சொல்லிக்கொடுத்தார். நேர் மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும் என்று காரணமும் சொன்னார். காரணத்தோடு சொன்னதால்தான், பல வருடம் கழித்து எங்கள் மிக்ஸியின் கப்ளர் கழல மறுத்தபோது முரட்டுத்தனமாக அடிக்காமல் எதிர்த் திசையில் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. கழன்று வந்தது.

நான் படித்த விடுதிப் பள்ளியில் இப்படி இல்லை. பையன்களுக்கு நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். எங்களுக்கு வயர்க் கூடை. திருப்புளியை யாருக்கும் கொடுக்கவில்லை. குத்திக்கொள்வோம் என்று பயம். நாங்கள் பிரெய்ல் எழுதும் பெர்கின்ஸ் பிரெய்லர் இயந்திரம் ஒரு பட்டறையில் பிறந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவும் இல்லை. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொடுத்த டேவிட் ஆபிரகாம் என்பவர் வடிவமைத்தது அது. 1951ல் வெளிவந்தது. நம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் என்ற அமைப்பு அந்த பிரெய்லரை இன்றும் செய்து கொடுக்கிறது. ஆறு சாவிகளும் இடைவெளிச் சாவியும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒருநாள் எங்களைத் தொட்டுப் பார்க்க விட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன். பார்வையற்றவர்களுக்கென்று தனியாக விற்கும் சாமான்கள் எனக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. என்னிடம் இருப்பதிலேயே உருப்படியானது ஒரு பழைய குழிப்பணியாரச் சட்டி. ஏழு குழி. எதையாவது கழற்றினால் முதலில் வந்தது முதல் குழியில், அடுத்தது அடுத்த குழியில். திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வருவேன். எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்ற குழப்பமே வராது. சட்டியை ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துக்குள் வைத்துக்கொள்வேன். கை தவறி ஏதாவது விழுந்தால் டிங் என்று சத்தம் கேட்கும், விளிம்பைத் தாண்டி ஓடாது. இரும்புத் திருகாணி தரையில் விழுந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். பித்தளை ஒட்டாது. அதற்குக் கையால் தரையைக் கட்டம் கட்டமாகத் துழாவ வேண்டும், அவசரப்படாமல்.

திருகாணி டப்பாக்களில் பிரெய்லில் எழுதி ஒட்டிப் பார்த்தேன், எண்ணெய்க் கையில் அது சீக்கிரம் மழுங்கிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு டப்பா மூடியின் மேலும் உள்ளே இருக்கும் திருகாணியில் ஒன்றை எம்-சீல் பசை வைத்து ஒட்டிவிட்டேன். தொட்டாலே தெரிந்துவிடும். அதே எம்-சீலில் ஒரு கடுகளவு எடுத்து வாஷிங் மெஷின் குமிழிலும் மைக்ரோவேவ் பட்டன்களிலும் வைத்திருக்கிறேன். ஆணி அடிக்கும்போது விரலுக்குப் பதில் துணிக் கிளிப்பால் ஆணியைப் பிடித்துக்கொள்ளலாம்.

அளவெடுப்பதுதான் பலருக்கும் பெரிய தயக்கம். நீளத்துக்கு, தையல்காரர் டேப்பில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கிறேன். பலகையின் கனம், சந்தின் அகலம் மாதிரி சின்ன அளவுகளுக்கு ஒரு எம் 6, அதாவது 6 மி.மீ. கனமுள்ள போல்ட்டும் நட்டும் போதும். சாதாரண எம் 6 போல்ட்டின் மரை இடைவெளி சரியாக 1 மில்லிமீட்டர். அதாவது நட்டை ஒரு முழுச் சுற்றுத் திருகினால் 1 மி.மீ. நகரும். அரைச் சுற்று அரை மி.மீ. நட்டுக்கு ஆறு பக்கம், ஒரு பக்கம் நகர்த்தினால் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. அளக்க வேண்டிய பொருளைப் போல்ட் தலைக்கும் நட்டுக்கும் நடுவில் பிடித்து, நட்டைப் பொருள்மேல் முட்டும்வரை கொண்டுவந்துவிடுவேன். பொருளை எடுத்துவிட்டு, நட்டு தலையில் போய் இடிக்கும் வரை எத்தனை சுற்று என்று எண்ணினால் கனம் வந்துவிடும். ஒரே நிபந்தனை, மரை தலைவரை வெட்டிய முழு மரைப் போல்ட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் பார்வையற்ற தச்சர்கள் கிளிக் ரூல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு அங்குலத்தில் 16ல் ஒரு பங்குக்கு ஒரு கிளிக் சத்தம் கேட்கும். அது கிடைத்தால் நல்லதுதான். கிடைக்கும்வரை இந்தப் போல்ட் போதும்.

இனி மின்சாரம். இதில்தான் எல்லோரும் எங்களைத் தடுக்கிறார்கள், பயப்படுவதில் நியாயமும் இருக்கிறது. 230 வோல்ட். ஆனால் வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் டெஸ்டர் விளக்கு எரிந்து காட்டும் கருவி, எனக்கு அதனால் பயனில்லை. நான் வைத்திருப்பது, கரண்ட் உள்ள வயர் பக்கத்தில் கொண்டுபோனாலே பீப் அடிக்கும் டெஸ்டர். அதை நம்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்து பீப் வருகிறதா என்று கேட்க வேண்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யப் போகும் இடத்தில் சோதிக்க வேண்டும். மறுபடி கரண்ட் உள்ள இடத்துக்குப் போய், டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏதுவாகப் பக்கத்தில் ஒரு இன்வெர்ட்டர் பாயிண்ட் இருக்கிறது. பேட்டரி தீர்ந்த டெஸ்டரும் சத்தம் போடாது, கரண்ட் இல்லாத வயரும் சத்தம் போட வைக்காது. இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும்.

வயர் நிறம் எப்படித் தெரியும் என்று அந்தத் தங்கை கேட்டாள். மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்தால், இரண்டு முனைக்கும் இணைப்பு இருந்தால் அது பீப் அடிக்கும். இஸ்திரிப் பெட்டி வயரின் மூன்று கம்பிகளில், பெட்டியின் அடித்தகட்டோடு தொட்டால் எது பீப் அடிக்கிறதோ அதுதான் எர்த். அதில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வேன். மூன்றுமே அடிக்கவில்லை என்றால் எர்த் அறுந்திருக்கிறது, அந்தப் பெட்டியை அப்படியே விடக் கூடாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் நீளமாக, தடிமனாக இருக்கும். சொருகும்போது முதலில் தொட்டு, பிடுங்கும்போது கடைசியாக விடுவதற்காக அந்த நீளம். மூடியைக் கழற்றிவிட்டு, பின்கள் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்க எர்த்தை மேலே வைத்துப் பிடித்தால் வலது கை பக்கம் கரண்ட் வரும் பேஸ், இடது பக்கம் அது திரும்பும் நியூட்ரல். எந்தக் கம்பி எது என்று செல்போன் கேமராவிடம் நிறம் கேட்டு நான் முடிவு செய்வதில்லை. பீப் சொல்ல வேண்டும்.

உறையூரில் இந்த வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போடச் சொன்னது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாமல், இடையில் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் கண நேரத்தில் துண்டித்துவிடும். மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பேன். அதையும் ஒரேயடியாக நம்பிவிட முடியாது. ஒரு கை பேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் மெயினை அணைப்பது.

நான் தொடாத வேலைகளும் உண்டு. கேஸ் இணைப்பு, உயரத்தில் ஏறிச் செய்வது இரண்டுக்கும் ஆள் கூப்பிடுவேன். ஆனால் என்ன கோளாறு என்று நான் தெரிந்துகொண்டுதான் கூப்பிடுவேன். ஹாலில் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது, உறுமல் கேட்டது, பேரிங் கரகரப்பு இல்லை. "கண்டன்சர் போயிருக்கு, 2.5 மைக்ரோஃபாரட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று போனிலேயே சொன்னேன். வந்தவர் மாற்றிவிட்டுப் போனார்.

ஆட்கள் விஷயம் கருவியைவிடக் கஷ்டம். நான் திருப்புளியைக் கையில் எடுத்ததும் பக்கத்தில் இருப்பவர் கை தானாக நீளும். "நீங்க உக்காருங்கம்மா, நான் பண்றேன்." பிடுங்குவது அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் அப்படிப் பிடுங்கிய ஒவ்வொரு வேலையும் நான் கற்றுக்கொள்ளாமல் போன வேலை. என் கணவரும் பார்வையற்றவர், அவருக்கு இந்த வேலைகளில் ஆர்வம் இல்லை, பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடித்துக்கொள்வார். எங்கள் பையனுக்குப் பன்னிரண்டு வயது, நன்றாகப் பார்ப்பான். அவனுக்கு ஒரே விதிதான்: கேட்டதை வாசித்துச் சொல்ல வேண்டும், கை வைக்கக் கூடாது. "அம்மா, இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று சொல்ல இப்போது பழகிவிட்டான். அவன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் ஏதாவது வாசிக்க வேண்டியிருந்தால் பார்வையற்றவர்களுக்கு வீடியோ அழைப்பில் உதவும் பி மை ஐஸ் செயலியில் ஒரு தன்னார்வலரைக் கூப்பிடுவேன். 2015ல் வந்தது. அதைத் தொடங்கிய டென்மார்க்கின் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் பார்வை குறைந்தவர், தொழிலில் மரச்சாமான் வேலைக்காரர். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஹார்டுவேர் கடைக்கும் பையனோடு போவேன். ஒரு கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். இப்போது போகும் கடையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான்கு வகை தாழ்ப்பாளை என் கையில் வரிசையாகக் கொடுத்துவிட்டு, "பொறுமையாப் பாருங்கம்மா" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அங்கேதான் போகிறேன்.

முதலில் என்ன வாங்கட்டும் அக்கா என்று அந்தத் தங்கை கடைசியாகக் கேட்டாள். நல்ல பிடியுள்ள திருப்புளி இரண்டு, பட்டை ஒன்று நட்சத்திரம் ஒன்று. ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர். கட்டிங் பிளையர். டெஃப்ளான் டேப். பீப் டெஸ்டர். எம் 6 போல்ட்டும் நட்டும். பணியாரச் சட்டியை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த லீவில் என் வீட்டுக்கு வருகிறாள். ஒரு பழைய குழாயை எடுத்து வைத்திருக்கிறேன், அவளே கழற்றிப் பூட்டட்டும்.

அவள் வருவதற்குள் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அப்பா 2011ல் தவறிப்போனபோது ஸ்பேனர்களை நான் எடுத்துக்கொண்டேன். 14-15ல் அவர் போட்ட மூன்று வெட்டில் நடுவில் உள்ளது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, சில நேரம் 12-13 என்று கை ஏமாந்துவிடுகிறது. அவருடைய அரமும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு உட்கார்ந்து அந்த வெட்டை மறுபடி போட வேண்டும்.