நந்தாவின் பெயர்

அக்டோபர் 17, அல்மோரா

காலையில் நந்தாதேவி கோயிலுக்குப் போனேன். உத்தராகண்டின் குமாவூன், கர்வால் பகுதி மக்கள் நந்தாவைப் பார்வதியாகவே வணங்குகிறார்கள். ஆனால் அவளைப் பற்றிப் பேசும்போது, தங்கள் ஊரில் பிறந்து கயிலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன மகளாகப் பேசுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் நந்தா தேவி ராஜ்ஜாத் யாத்திரையில், நான்கு கொம்புள்ள ஆட்டுக்கடாவை முன்னே நடத்திச் சென்று அவளைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்புகிறார்கள். அருகிலுள்ள மலைகளின் பெயர்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே: திரிசூலம் சிவனுடையது, நந்தாகோட் அவளுடைய கோட்டை.

அக்டோபர் 18, கௌசானி

விடியற்காலையில் அவள் பெயரைக் கொண்ட நந்தா தேவி சிகரம் தெரிந்தது. 7,816 மீட்டர் உயரமுள்ள தலைமைச் சிகரமும் 7,434 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சிகரமும் ஒரே பனிமுகட்டால் இணைந்து நின்றன. சுமார் 110 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மலைவளையம் அதைச் சூழ்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் பனியாறுகளின் நீரெல்லாம் மேற்கே ரிஷிகங்கை அறுத்த ஒரே பிளவின் வழியாகத்தான் வெளியேறுகிறது. 1934இல் பிரிட்டிஷ் மலையேறிகளான ஷிப்டனும் டில்மனும், ஆங் தார்க்கே, பசங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களுடன், அந்தப் பிளவின் வழியாகவே உள்ளே நுழைந்தார்கள். அந்த மூவரின் பெயரையும் விடாமல் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்டோபர் 19, கௌசானி

நாள் முழுவதும் மேகம். அறையிலேயே இருந்து இந்தச் சிகரம் முதன்முதலாக ஏறப்பட்ட 1936ஆம் ஆண்டுப் பயணத்தைப் பற்றிக் குறிப்பெடுத்தேன். உச்சிக்குப் போகவிருந்த சார்லஸ் ஹூஸ்டன் கெட்டுப்போன டின் இறைச்சியைத் தின்று நோயுற, அவருக்குப் பதிலாக டில்மன் மேலே வந்து, ஆகஸ்ட் 29ஆம் தேதி குழுவைச் சேர்ந்த ஓடெல்லுடன் உச்சியை அடைந்தார். 1950இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதர் தொட்ட மிக உயர்ந்த சிகரம் அதுதான். அப்படியிருந்தும், வெளியுலகுக்கு அனுப்பிய செய்தியில் இருவர் உச்சியை அடைந்ததாக மட்டுமே சொன்னார்கள். எந்த இருவர் என்று சொல்லவில்லை. வெற்றி குழு முழுவதற்கும் உரியது என்பது அவர்கள் எண்ணம். அந்த மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதே பயணத்தில் அடிவார முகாமில் வயிற்றுக்கடுப்பால் இறந்துபோன ஷெர்பா கிதாரை நினைக்காமல் அந்த வெற்றியைப் பற்றி எழுத முடியவில்லை.

கிழக்குச் சிகரத்தை 1939 ஜூலையில் போலந்துக்காரர்களான புயாக், கிளார்னர் இருவரும் ஏறினார்கள்.

அக்டோபர் 21, கௌசானி

இரண்டு நாளாக எழுதத் தயங்கியதை இன்று எழுதுகிறேன். அமெரிக்க மலையேறி வில்லி அன்ஸோல்ட் இளமையில் இந்தச் சிகரத்தைக் கண்டு, பின்னர் தமக்குப் பிறந்த மகளுக்கு நந்தா தேவி என்றே பெயர் வைத்தார். 1976இல் தந்தையும் மகளும் சேர்ந்து இதை ஏற வந்தபோது, உயரத்திலிருந்த கடைசி முகாமில் நோயுற்று, இருபத்திரண்டு வயதில் அவள் இறந்தாள். உடலை மலையிடமே ஒப்படைத்துவிட்டு இறங்கினார்கள். 1936 குழுவில் இளைஞராக வந்த ஆடம்ஸ் கார்ட்டர்தான் இந்தப் பயணத்துக்கும் ஒரு தலைவர்.

பயணக் குழுக்கள் விட்டுச்சென்ற குப்பையாலும் விறகுக்காக வெட்டப்பட்ட மரங்களாலும் சீரழிந்த உள்வளையம் 1982இல் தேசியப் பூங்காவாகி, அடுத்த ஆண்டு மலையேறிகளுக்கும் மூடப்பட்டது. மூடியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதே ஆணையால் அருகிலுள்ள லாதா கிராமத்தில் வாழும் போட்டியா என்ற மலைச்சமூகத்து மக்கள், ஆடு மேய்த்த புல்வெளிகளையும் சுமைகூலியாகக் கிடைத்த வருமானத்தையும் இழந்தார்கள். அந்த ஊரிலும் நந்தாவுக்கு ஒரு கோயில் இருக்கிறது. நாளை கர்ணபிரயாகை, ஜோஷிமட் வழியாக அங்கே போகிறேன்.