மாசிப் பனியும் எங்க வீட்டு பாய்லரும்

பிப்ரவரி 14, சனி

குளிர் முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு நேத்துதான் தடி ஸ்வெட்டரையெல்லாம் மடிச்சு பரண்ல போட்டேன், இன்னிக்கு போன்ல பாத்தா செவ்வாய் ராத்திரி மைனஸ் 9னு காட்டுது. மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. எங்க மச்சுல இருக்கற ரேடியேட்டரோ (பாய்லர்லேர்ந்து வர்ற சுடுதண்ணி உள்ள ஓடி ரூம சூடாக்கற பலகை) அடியில சுடுது, மேல தொட்டா ஜில்லுன்னு இருக்கு, ரெண்டு வாரமா இதே கதைதான், போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு ஓட்டிட்டோம். மேல ஜில்லுன்னு இருந்தா உள்ள காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம், நாமளே சரி பண்ணிக்கலாம். அடிப்பக்கம் ஜில்லுன்னு இருந்தாதான் வம்பு, துருச் சேறு படிஞ்சிருக்கும், ஆள வச்சு கழுவணும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஹீட்டிங்க ஆஃப் பண்ணி நல்லா ஆறவிட்டுட்டுதான் ஆரம்பிச்சேன் (போன வருஷம் சூடோட திறந்து கையச் சுட்டுக்கிட்ட புத்திசாலி நான்). கீழ் ரூம்லேர்ந்து ஒண்ணொண்ணா முடிச்சுட்டு மாடிக்கு போனேன். சின்ன சாவிய வால்வுல வச்சு கால் சுத்துதான் திருப்புனேன், புஸ்ஸ்ஸுன்னு காத்து வந்துக்கிட்டே இருக்கு, ஒரு நிமிஷத்துக்கு மேலயே இருக்கும், அப்புறம் கொஞ்சம் துப்பிட்டு கறுப்பா தண்ணி எட்டிப் பாத்துச்சு, பழைய துண்ட புடிச்சிருந்ததால சுவரு தப்பிச்சுது. தண்ணி சீரா வந்ததும் மூடிரணும்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சா தப்பு. காத்து போன அளவுக்கு உள்ள பிரஷர் எறங்கிருக்கும்ல, பாய்லர் மீட்டர பாத்தா 0.6 பார் (பிரஷர அளக்கற அலகு). ஆறியிருக்கறப்போ 1லேர்ந்து 1.5க்குள்ள நிக்கணும். அடியில இருக்கற, உள்ள தண்ணி விடற ஃபில்லிங் வால்வு ரெண்டையும் மெதுவா திறந்து 1.3 வந்ததும் ரெண்டையும் இறுக்கி மூடுனேன். இவரு மூடுனியா மூடுனியான்னு மூணு தடவ கேட்டாரு, கேக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 16, திங்கள்

ரூம் சூட்ட கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டுக்கு புது பேட்டரி. கார்பன் மோனாக்சைடு அலாரத்த கழட்டி பின்னாடி பாத்தா 2024லயே மாத்தியிருக்கணும்னு அச்சடிச்சிருக்கு! பட்டன அமுக்குனா கத்துதேன்னு இத்தன நாள் நம்பிக்கிட்டிருந்தோம், அது கத்துறது வேற, உள்ள இருக்கற சென்சார் செத்துருச்சான்றது வேற. பாய்லர் சரியா எரியலன்னா வர்ற, வாசன இல்லாத விஷ வாயு அது, நம்ம மூக்க நம்ப முடியாது. புதுசு வாங்கி மாட்டியாச்சு.

பிப்ரவரி 17, செவ்வாய்

பாய்லர்லேர்ந்து வெளிய போற வெள்ள பிளாஸ்டிக் குழாய் ஞாபகம் வந்துச்சு. புகையில இருக்கற சூட்டையும் உறிஞ்சிக்கிற பாய்லர் இது, அப்போ ஆவி குளுந்து தண்ணியாகி சொட்டு சொட்டா அந்த வழியாதான் வெளியேறணும். ஃபோம் உறை போட்டுக்கிட்டே வந்தேன், கடைசி மூணு அடிக்கு ஃபோம் பத்தல. இருட்டிருச்சு, கை வெரச்சுப் போச்சு, நாளைக்கு பாத்துக்கலாம்னு உள்ள வந்துட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

நாளைக்கு பாத்துக்கலாமாம். காலைல அஞ்சரைக்கு பாய்லர் கொப்பளிக்கிற மாதிரி களகளன்னு சத்தம் போட்டுட்டு நின்னுருச்சு. எந்த மூணு அடிய விட்டேனோ அங்கயேதான் ஐஸ் அடைச்சிருக்கு, உள்ள தேங்கற தண்ணிக்கு போக வழி இல்லன்னா பாய்லர் தானாவே நின்னுக்கும். இவரு கொதிக்கற கெட்டிலோட கெளம்புனாரு, ஐயோ வேணாங்க, குழாய் விரிசல் விட்டுரும், கீழ சிந்துறது ஐஸாகி நம்மதான் வழுக்கி விழுவோம்னு நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணிய ஜக்குல எடுத்து வெளிக்குழாய் மேல ஊத்த ஊத்த, அஞ்சாவது ஜக்குல உள்ளேர்ந்து ஐஸ் துண்டோட தண்ணி சளக்குன்னு விழுந்துச்சு. ரீசெட் பட்டன அமுக்குனதும் பத்திக்கிச்சு.

சாயங்காலம் மிச்ச மூணு அடிக்கும் ஃபோம் சுத்தி டேப் ஒட்டியாச்சு. ராத்திரி மறுபடி மைனஸ் 7ஆம். இவரு ஜக்க கதவுப் பக்கத்துலயே வச்சுட்டு படுத்திருக்காரு, என் வேலை மேல அவ்ளோ நம்பிக்கை.