நெட் மொழியியல் தாள்: சிறுமொழிகளை அண்டை மொழியோடு சேர்த்துப் படியுங்கள்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட்டின் முடிவு சென்ற வாரம் வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கைநழுவிப் போனது. அந்தக் கசப்பை இங்கே கொட்டப் போவதில்லை. ஒலியனியலுக்கும் தொடரியலுக்கும் நல்ல குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. பேசுவோர் தொகை குறைந்த இந்திய மொழிகள் என்று வரும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால், அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

பயிற்சி மையக் குறிப்புகளில் இம்மொழிகள் குடும்பவாரியான பெயர்ப் பட்டியலாகவே இருக்கும். பொருத்துக வினாவுக்கு அது போதும். கூற்று–காரணம் வினாவுக்கு ஒருபோதும் போதாது. நான் குடும்ப மரத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு மொழியையும் அதன் அண்டை மொழியோடு சேர்த்து ஒரு பெரிய வரைபடத்தில் குறித்துக்கொண்டேன். பலுசிஸ்தானத்துப் பிராகூயிக்குப் பக்கத்தில் பலூச்சி, சோட்டா நாக்பூர்க் குடுக்குக்குப் பக்கத்தில் முண்டாரி, ராஜ்மகால் மலையின் மால்தோவுக்குப் பக்கத்தில் சந்தாலி, எந்தக் குடும்பத்திலும் சேராத நிகாலிக்குப் பக்கத்தில் கொர்க்கு. இந்தியாவை ஒரு மொழியியல் பரப்பாக, அதாவது வெவ்வேறு குடும்ப மொழிகள் அருகருகே இருந்து பண்புகளைப் பகிரும் நிலமாகக் கண்டு மொழியியலாளர் எமனோ 1956இல் எழுதிய கட்டுரை இதன் பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பிராகூயியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று முதல் மூன்று வரையிலான எண்ணுப்பெயர்கள் திராவிட வேருடையவை. நான்கிலிருந்து எல்லாம் ஈரானிய மொழிகளிலிருந்து வந்த கடன். நம் ‘கண்’ என்பதன் முதல் ககரம் பிராகூயியிலும் குடுக்கிலும் தொண்டைப் பக்கம் உரசும் ஒலியாகவும், மால்தோவில் உள்நாக்கில் பிறக்கும் வெடிப்பொலியாகவும் மாறியிருக்கிறது. இம்மூன்றையும் வட திராவிடக் கிளையாகச் சேர்ப்பதற்கு இந்த மாற்றம் ஒரு முக்கியச் சான்று. அது போதுமானதா என்று ஐயுறும் அறிஞர்களும் உண்டு. இப்படி வேரும் கடனும் ஒருங்கே தெரிந்தால், நான்கு விடைகளில் இரண்டை உடனே தள்ளிவிடலாம்.

மேகாலயாவின் காசி மொழி இதற்கு நேர்மாறானது. அதன் அண்டையிலுள்ள திபெத்திய–பர்மிய மொழியான காரோவில் வினை இறுதியில் வர, ஆஸ்திரோ–ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்த காசியோ வினையைச் செயப்படுபொருளுக்கு முன்னே வைக்கிறது. அண்டை மொழியின் செல்வாக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் பாய்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் காணவில்லை.

நம்மவர்கள் நீலகிரியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உதகைக்குச் சுற்றுலா போகாதவர் குறைவு. அங்குள்ள தொதவர் மொழியில் ஆடொலி (நாக்கு அதிர்வதால் எழும் ஒலி) மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கிறது என்பதை அறிந்தவர் அதனினும் குறைவு.

இனிச் சில குறிப்புகள்:

- ஒரு மொழிக்கு ஓர் ஒலிச்செய்தி, ஓர் இலக்கணச் செய்தி, ஓர் அண்டை மொழி என்று வையுங்கள். அதற்கு மேல் எழுதினால் திருப்பிப் பார்க்க மாட்டீர்கள்.
- வரைபடத்தைக் கையால் வரையுங்கள். குழுவாக உரையாடிப் படிப்பவர்களுக்கு இது சலிப்பூட்டலாம்; தனியே இருந்து படிப்பவன் நான்.
- எண்களை அவற்றின் வரையறையோடு மனத்தில் கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்திய மொழிகளை ஆய்வு செய்த கிரியர்சன் 179 மொழிகளைக் கணக்கிட்டார் என்றும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 121 மொழிகளே உள்ளன என்றும் படித்துவிட்டு, மீதி அழிந்தன என முடிவு கட்டாதீர்கள். கிரியர்சனின் கள ஆய்வு சென்னை மாகாணத்தில் நடக்கவே இல்லை. 121 என்பதோ பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளின் தொகை. ஆகவே அந்தப் பட்டியலில் தொதவர் மொழிக்கெனத் தனி வரியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.