வெள்ளைக் காலணா

நாணயக் கண்காட்சி ஒன்றில் நண்பர் ஒருவர் 1936ஆம் ஆண்டுக் காலணா ஒன்றை வாங்கி வந்தார். ஐந்தாம் ஜார்ஜ் தலை உள்ள பக்கம் வழக்கமான செம்பழுப்பு. எழுத்துப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அரை ரூபாய்க்கான வெள்ளி வில்லையில் தவறுதலாகக் காலணா அச்சு விழுந்துவிட்டது, தலைப் பக்கம் இருப்பது வெறும் அழுக்கு என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வெள்ளி இல்லையென்றால் திருப்பித் தரலாம் என்று பேச்சு.

வெள்ளி பொதுவாகக் கறுக்கும், இப்படிச் செம்புக் காசு போலவே செம்பழுப்பாவது அபூர்வம். எனக்கு அதிலேயே சந்தேகம். நகைத் தராசில் வைத்தேன்: 4.71 கிராம். அரை ரூபாய் 5.83 கிராம், வெண்கலக் காலணா 4.86. தேய்மானத்தைக் கழித்தால் சரியாகக் காலணாதான். நண்பர் மனம் ஒப்பவில்லை. சரி என்று ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி டம்ளரில் எங்கும் படாமல் முக்கினேன். 0.53 காட்டியது, அதாவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. 4.71ஐ அதால் வகுத்தால் நாணயத்தின் அடர்த்தி, 8.9. அந்தக்கால ரூபாய் வெள்ளிக்கு 10.3 வர வேண்டும், வெண்கலத்துக்கு 8.9 பொருந்துகிறது.

அப்படியானால் மேலே இருப்பது என்ன? அசிட்டோனில் ஊறப்போட்டும் அசையவில்லை, அதனால் பெயின்ட் இல்லை. பாதரசம் தேய்த்த காசு நாளாவட்டத்தில் மங்கிச் சாம்பலாகிவிடும், அந்தப் பூச்சுக்குத் தடிமனும் இருக்காது. இதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் இடுக்கில் வெள்ளை திரண்டு நின்றது, எழுத்து முனைகள் மழுங்கியிருந்தன. தேய்ந்த மேடுகளில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. நடுவில் ஒரே திசையில் துடைத்த கோடுகள், விளிம்பில் வழிந்து உறைந்த ஒரு சொட்டு.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சூடேற்றி, நவச்சாரம் போட்டு, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பார்கள். யாரோ விளையாட்டுக்குப் பூசச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எட்டணா என்று ஏமாற்றவும் முடியாது, அந்தப் பக்கத்தில்தான் காலணா என்றே எழுதியிருக்கிறதே!

நண்பருக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. காசைச் சாதாரணக் காலணா விலைக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புளி, எலுமிச்சை எதுவும் போடவில்லை. பிவிசி உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு வேறு சேரும் என்பதால் காகித உறையில், ‘ஈயம் பூசியது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.